ஆலம்பாறை விலக்கில் நிற்க வேண்டிய வண்டி

எங்கள் பக்கத்தில் ஒருவருடைய வண்டி எந்த இடத்தில் பழுதாகி நிற்கிறதோ, அந்த இடத்தில்தான் அவர் அதன்பிறகு குடியிருக்க வேண்டும். பஞ்சர் கணக்கில் வராது. பெட்ரோல் தீர்ந்து நிற்பதும் வராது. அது ஓட்டியவரின் கவனக்குறைவு. வண்டி தானாக, தன் காரணத்துக்காக நிற்க வேண்டும். நின்றால், பெட்டியில் இருக்கும் செங்கலை எடுத்துச் சாலையோரம் வைத்துவிட்டு, வீட்டுக்குப் போன் செய்து துணிமணியை அனுப்பச் சொல்வோம். புது வண்டிக்குச் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைப்பது எல்லா ஊரிலும் உண்டு. செங்கல் கொடுத்தனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். ஷோரூமிலேயே மஞ்சள் தடவிக் கொடுத்துவிடுவார்கள்.

நான் இளைஞனாக இருந்தபோது என் மொபெட் ஒரு ரைஸ் மில்லுக்கு எதிரே நின்றது. அங்கேதான் இத்தனை வருடங்களாக இருக்கிறேன். கல்யாணமானவர்கள், தாம் ஓட்டிய வண்டி எங்காவது நிற்கும்வரை, துணையின் இடத்தில் இருந்துகொள்ளலாம். அப்படித்தான் செண்பகவல்லி என்னோடு இருந்தாள். நான்கு வருடங்களுக்கு முன் அவளுடைய அக்கா மகளுக்கு வளைகாப்பு என்று தெற்கே போனவள், வளையல் வாங்கிவர அக்காவின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நெடுஞ்சாலையிலிருந்து ஊர்ச்சாலை பிரியும் ஆலம்பாறை விலக்கில் அது நின்றுவிட்டது. வண்டி யாருடையது என்பது முக்கியமில்லை.

அவள் அங்கே ஓட்டுக்கூரை போட்டு ஒரு அறையும் சமையலறையும் கட்டிக்கொண்டாள். நான் மாதம் ஒருமுறை பஸ்ஸில் போய்வந்தேன். பஸ் பழுதானால் பயணிகளுக்கு ஒன்றுமில்லை, டிரைவர் மட்டும் செங்கலோடு இறங்கிக்கொள்வார். வண்டி நிற்காத இடத்தில் ஒருவர் இரண்டு இரவுகள் தங்கலாம். மூன்றாம் இரவு தூங்கினால் காலையில் சொந்த வீட்டில்தான் விழிப்பு வரும். நானும் பலமுறை அப்படி மில் சத்தத்தில் கண் விழித்திருக்கிறேன், மேலே அவளுடைய போர்வையோடு. அதை மடித்து அடுத்த மாதம் எடுத்துப்போவேன்.

“நீ ஒரு வண்டி வாங்கி இங்கே வந்து நிற்கக் கூடாதா?” என்று ஒருமுறை மில்லிலிருந்து போனில் கேட்டேன்.

“அந்தத் தவிட்டுத் தூசிக்கா? இங்கன காத்து நல்லா இருக்கு. நீங்க வாங்க” என்றாள்.

போன மாதம் அவள் வீட்டுக்குப் பக்கத்தில் நாமக்கல் லாரி ஒன்று நின்றது. டிரைவர் பெரியண்ணன் குடும்பத்தை வரவழைத்து, வீட்டுக்கு அஸ்திவாரம் போடும்போதே மாடிப்படிக்கும் இடம் விட்டுவிட்டார். மறுபக்கம் ஏற்கெனவே ஒரு கறிக்கோழி வேன். செண்பகவல்லி வீட்டு வாசலில் மீதமிருந்தது ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கும் அகலம். அந்த இடத்திலும் யாராவது நின்றுவிட்டால் பிறகு எனக்கு அங்கே வழியில்லை. சாலையில் எத்தனை வண்டிகள் ஓடுகின்றன என்று யோசித்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஐம்பத்து நான்கு வயதில் ஷோரூமுக்குப் போய், நெடுந்தூரப் பயணத்துக்கென்றே செய்த மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். முன்னால் காற்றுத் தடுப்புக் கண்ணாடி, இருபுறமும் பெட்டிகள், பெரிய டேங்க். மில்லிலிருந்து விலக்குக்கு ஒரு பகல் முழுக்க ஓட்ட வேண்டும். சின்ன வண்டிகளை நம்ப முடியாது.

வாங்கிய மறுநாளிலிருந்து கவலை தொடங்கியது. அந்த வண்டியைப் பற்றி இணையத்தில் எழுதியவர்கள் எல்லாரும் தம் தற்போதைய முகவரியையும் தந்திருந்தார்கள். அருவிக்கரையில் வசிப்பவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார். சிமெண்ட் ஆலை மதிலை ஒட்டி வசிப்பவர் ஒன்று. இன்னொருவர் எதுவும் எழுதவில்லை. இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்று அவருடைய மகள் எழுதியிருந்தாள். இந்த மூன்றாவதை நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

என் நண்பர் இஸ்மாயில் ராவுத்தர் எங்கள் ஊர் ரவுண்டானாவில் வசிக்கிறார், செயற்கை நீரூற்றுக்குப் பக்கத்தில். அவரைப் பார்க்கப் போனால் சுற்றிச்சுற்றி ஓட்டிக்கொண்டேதான் பேச முடியும்.

“எல்லாரும் நிக்காத வண்டி தேடுறான். நீ நிக்கிற வண்டி தேடுற, அதுவும் அட்ரஸோட” என்றார்.

நான் ஒரு சுற்று போய்வந்து சொன்னேன். “போய்ச் சேருகிற வரைக்கும் நல்ல வண்டியாக இருக்க வேண்டும், ராவுத்தரே. சேர்ந்ததும் கெட்டுப்போக வேண்டும்.”

“அப்ப நீ வண்டி வாங்கியிருக்கக் கூடாதுப்பா. மருமகனை வாங்கியிருக்கணும்.”

அடுத்த சுற்றில் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் குரலைத் தணித்துக்கொண்டார். “எதையாவது கழட்டி விட்டுடாத. அந்தச் சர்க்கரை கேஸ் தெரியும்ல?”

தெரியும். ஒருவர் டேங்கில் சர்க்கரை போட்டு, தமக்குப் பிடித்த ஊரில் வண்டியை நிறுத்தினார். அவர் கட்டிய வீட்டில் எந்தக் கதவைத் திறந்து நுழைந்தாலும் வெளிப்பக்கமே வந்தது. கடைசிவரை அவரால் உள்ளே போக முடியவில்லை.

எனவே நான் எதையும் தொடவில்லை. வண்டியை நல்ல நிலையில் வைத்துக்கொள்வதா, மோசமான நிலையில் வைத்துக்கொள்வதா என்று முடிவெடுக்க முடியாமல் நடுத்தரமாக வைத்துக்கொண்டேன். செயினுக்கு எண்ணெய் விட்டேன், ஆனால் மனமில்லாமல் விட்டேன். புறப்படுகிற அன்று விடிந்ததும் செங்கலை வலது பெட்டியிலும் சாப்பாட்டை இடது பெட்டியிலும் வைத்தேன். எடை ஒருபக்கம் சாய்ந்தது. அதை ஈடுகட்ட, சாப்பாட்டோடு ஆட்டுக்கல் குழவியையும் வைத்துக் கட்டினேன்.

நெடுஞ்சாலையில் ஏறியதும் காதுகள் பெரிதாகிவிட்டன. என்ஜினுக்குள் ஒரு சத்தம் கேட்டது. அது எல்லா வண்டியிலும் இருக்கும் சத்தமா, என் வண்டியில் மட்டும் இருக்கும் சத்தமா என்று தெரியவில்லை. வேகத்தைக் கூட்டினால் மறைந்தது. மறைந்ததும், ஏன் மறைந்தது என்ற கவலை வந்தது. மேடுகளில் மனைத் தரகர்கள் வரிசையாக நின்று, ஏறிவரும் வண்டிகளின் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் என்னைப் பார்த்துக் குடையை உயர்த்தினார். இரண்டு டாக்டர்களும் ஒரு பல் டாக்டரும் அடுத்தடுத்து நின்றுபோன ஒரு கணவாயில் நல்ல ஆஸ்பத்திரி உருவாகியிருந்தது. அதைத் தாண்டிய பிறகு உடம்பு சரியில்லாதது போல் இருந்தது.

ஆற்றுப்பாலத்தின் நடுவில் வண்டி இருமியது.

பாலத்தில் வசிப்பவர்கள் எனக்குத் தெரிந்தே சிலர் இருக்கிறார்கள். கைப்பிடிச் சுவரில் துணி காயப்போட்டு, கயிற்றில் வாளி விட்டு வாழ்கிறார்கள். ஒரு அம்மாள் எழுந்து நின்று, தம் பாயை ஓரமாக நகர்த்தி எனக்கு இடம் விட்டார். அந்த அன்பு என்னை நடுங்க வைத்தது. “வேண்டாம், இங்கே வேண்டாம்” என்று டேங்கைத் தடவிச் சொன்னேன். சொல்லிக்கொண்டே, இந்தக் கெஞ்சல் வண்டிக்குப் பழகிவிட்டால் விலக்கிலும் நிற்காதே என்று நினைத்தேன். வண்டி மறுபடி இருமியது. பிறகு சீராகிவிட்டது. அந்த அம்மாள் பாயைத் திரும்ப விரித்துக்கொண்டார்.

அதன்பிறகு வண்டியில் ஒரு குறையும் இல்லை. மில்லிலிருந்து கூடவே வந்த அந்தச் சத்தம்கூடப் போய்விட்டது.

ஆலம்பாறை விலக்கை அடைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வாசலில் இடம் இன்னும் இருந்தது. செண்பகவல்லி அதில் கோலம் போட்டு, யாரும் நின்றுவிடாதபடி இரண்டு பிளாஸ்டிக் குடங்களை வைத்திருந்தாள். குடங்களை எடுத்தாள். நான் வண்டியை இடத்தில் செருகிச் சாவியைத் திருப்பி அணைத்தேன். கொஞ்ச நேரம் பொறுத்து மீண்டும் பட்டனை அழுத்தினேன். முதல் அழுத்தலிலேயே உயிர் வந்தது. மறுபடி அணைத்தேன். மறுபடி வந்தது.

இறங்கவும் முடியாது. ஓட்டியவர் தானாக இறங்கிவிட்டால் வண்டி அந்த இடத்தை வெறும் டீ நிறுத்தம் என்று எடுத்துக்கொள்ளும். பிறகு ஒருநாளும் அங்கே நிற்காது. நான் சீட்டில் உட்கார்ந்தபடியே அவள் கொடுத்த டீயைக் குடித்தேன்.

பெரியண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். குனிந்து என்ஜின் பக்கம் காது கொடுத்தார்.

“புது வண்டிங்களா?”

“ஆமாம்.”

“இது நிக்காதுங்க. சத்தத்தைப் பார்த்தாலே தெரியுதுங்களே. எம்பட லாரியெல்லாம் நாமக்கல்லுல ஏறும்போதே எனக்குத் தெரியும், வீடு எங்கியோ தெக்க அமையப் போவுதுன்னு.”

“ஒருவேளை ஓடி ஓடிச் சூடானால்?”

“ஓட்டிப் பாருங்க. ஓட்டறது ஒண்ணும் தப்பில்லீங்க. ஆனா மூஞ்சியக் கொஞ்சம் இயல்பா வெச்சுக்குங்க. வேணும்னு பண்றீங்கன்னு வண்டிக்குத் தெரிஞ்சிரும்.”

விலக்குக்கும் அடுத்த குறுக்குச் சாலைக்கும் இடையே போய்ப் போய் வந்தேன். முகத்தை இயல்பாக வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு முறையும் வாசலுக்கு வரும்போது வேகத்தைக் குறைத்தேன். ஒவ்வொரு முறையும் வண்டி எனக்கு மரியாதை கொடுத்து, மெல்ல உறுமி, சொன்ன பேச்சைக் கேட்டது. இப்படி ஒரு நல்ல வண்டியை என் வாழ்க்கையில் ஓட்டியதில்லை. மூன்று கடைகள் இருந்தும் நான் ஏன் அந்தக் கடைக்குப் போனேன்? நான்கு மாடல்கள் இருந்தும் ஏன் இதைக் காட்டச் சொன்னேன்? பெரிய டேங்க் வேண்டும் என்று கேட்டது யார்?

செண்பகவல்லி வாசலில் நின்று என் போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வந்து நின்றபோது கண்ணாடியில் ஒட்டியிருந்த பூச்சிகளை முந்தானையால் துடைத்தாள்.

“ஒண்ணு கேட்டா கோவிக்க மாட்டீங்களே?”

“கேள்.”

“நீங்க நெசமாவே இங்கன நிக்கணும்னுதான் வந்தீகளா?”

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பாலத்தில் நான் கெஞ்சிய குரல் நினைவுக்கு வந்தது. இங்கே வந்த பிறகு அந்தக் குரலில் ஒருமுறையாவது ‘நில்’ என்று கேட்டேனா என்று யோசித்தேன். கேட்கவில்லை. மரியாதையாகத்தான் இருந்தேன்.

“தெரியவில்லை” என்றேன். “நிற்கணும் என்றுதான் நினைத்தேன். நின்றுவிட்டால் அதன்பிறகு வேறெங்கும் நிற்க முடியாதே என்றும் இருந்தது.”

அவள் கோபப்படவில்லை. “நாலு வருசம் போர்வைய மடிச்சு மடிச்சுக் கொண்டாந்தப்பவே நெனச்சேன்” என்றாள். “அழுக்கோட ஒருநா கொண்டாந்திருந்தா இருந்துருவீகன்னு தெரிஞ்சிருக்கும்.”

டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் கைகளை ஹாண்டில்பாரிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். திரும்பிப் போனால் மில் வரைக்கும் போய்விடும் வண்டி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

உள்ளே பாத்திரங்களை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவள் கொல்லைப்பக்கம் போய்க் கொடியிலிருந்த துணிகளை எடுத்தாள். கேஸ் சிலிண்டரை மூடினாள். ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் தாழிட்டுவிட்டு, சமையலறை ஜன்னலை மட்டும் திறந்து வைத்து அங்கே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

“கொஞ்சம் பின்னால எடுங்க. வாசல்ல நிக்கீக” என்றாள்.

நான் பின்னால் எடுத்தேன்.

வீடு இரண்டு முறை இருமியது. மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது. ஓடுகள் சலசலத்து அடங்கின.

“நாலு வருசமா நிக்கிது. அப்பப்ப ஓட்டிப் பாத்திருக்கணும். சோம்பேறித்தனந்தான்” என்று அவள் பெரியண்ணனிடம் சொன்னாள்.

“பேட்டரி எறங்கிருக்குமுங்க அக்கா. மொதல்ல மெதுவாவே போங்க” என்ற பெரியண்ணன், துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் இறங்கி நின்றார். வந்த கார்களை நிறுத்தினார். வீடு மெல்ல அசைந்து, கோலத்தின் மீது ஏறி, கறிக்கோழி வேன்காரரின் கூரையை உரசாமல் திரும்பி, சாலையில் ஏறியது. அவர் அதற்குப் பின்னால் எனக்கும் கை காட்டினார்.

நாங்கள் தெற்கே போனோம். எவ்வளவு தூரம் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் வண்டி ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அதைப் பற்றி எனக்கு இப்போது கவலை இல்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது வீட்டைத்தான். நேரான சாலையில் நன்றாகப் போனது. பள்ளங்களில் மட்டும் பின்சுவரிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது எல்லா வீட்டிலும் இருக்கும் சத்தமா, இந்த வீட்டில் மட்டும் இருக்கும் சத்தமா என்று தெரியவில்லை. கட்டும்போது கொத்தனார் யார் என்று விசாரித்திருக்க வேண்டும்.

இருட்டத் தொடங்கியபோது வீட்டின் இடதுபக்கம், சமையலறை ஜன்னலில், விளக்கு விட்டு விட்டு எரிந்தது. நானும் இடதுபக்கம் சிக்னல் போட்டேன்.