நூல் சாயும் பக்கம்

1.

கொஞ்சம் கிட்டத்தில் வந்து உட்காருங்கள், கண்ணுகளா. பயப்படும்படி ஒரு கதை சொல்கிறேன். பாதியில் என் கையைப் பிடித்துக்கொள்ளலாம்.

இது ஒரு பஸ் கொதித்ததில் பிறந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகையில் என் பஸ் ஆவி கக்கி நின்றது. டிரைவர் தண்ணீர் கேட்கப் போன ஒர்க்‌ஷாப்பில் நானும் நிழலுக்கு ஒதுங்கினேன். அங்கே ஃபயாஸ் என்பவன், தன் தங்கை இர்ஃபானா ஓட்டப்போகும் ரேஸ் காரின் இன்ஜினைக் குளிர வைக்கும் ரேடியேட்டரை முன்பக்கமிருந்து கழற்றி டிக்கிக்குள் வைத்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரில் பந்தயம்.

“முன்னால வெயிட்டு கூடிருச்சு ஆச்சி. வளைவுல திரும்ப மாட்டேங்குது.”

“அவனுக்கென்ன?” என்றாள் இர்ஃபானா. “கொதிக்கிற தண்ணிக் குழாய் எஞ் சீட்டை ஒட்டில்லா பின்னால போகுது. சூடேறி வெடிச்சா வேகுறது எங் காலு.”

2.

டிக்கிக்குக் காற்று போக, பக்கக் கண்ணாடி இருந்த இடத்திலிருந்து ஒரு தகரக் குழல். டக்ட் என்கிறார்கள். காற்று போகும் திசை தெரிய அதன் வாயில் மில் நூல் துண்டுகளை ஒட்டியிருந்தான். ஓட்டிப் பார்த்தார்கள். நூல் உள்ளே சாயவில்லை, வெளியே சாய்ந்தது. வெப்ப முள் நூற்றுப்பத்து டிகிரி, கொதிநிலைக்கும் மேலே.

“வாயை எம்புட்டுப் பெருசா வச்சிருக்க! உள்ள போற காத்து வெளிய போவ வழி வச்சியாண்ணே?”

பின் பம்பரை வெட்டி வழி விட்டான். அப்படியும் முள் இறங்கவில்லை.

(இங்கே கதை நின்றுபோனது. எனக்கு ரேடியேட்டர் தெரியாது, பேய் தெரியும். வீட்டுக்கு வந்து நோட்டில் இப்படி எழுதினேன்:)

அவர்களுக்கு மூத்தவன் நவாஸ். போன வருஷம் அதே டிராக்கில் அவன்…

3.

மறுநாள் போய் அவர்களிடமே வாசித்தேன்.

“நிறுத்துங்க ஆச்சி,” என்றாள் இர்ஃபானா. “எங்கம்மாவுக்கு நாங்க ரெண்டே புள்ளையதான். இல்லாத ஒருத்தர எதுக்கு மவுத்தாக்குதீய? சாவுன்னா வெளையாட்டா?”

ஃபயாஸ் டக்டைக் காட்டினான். கார் நின்றிருந்தது. ஒர்க்‌ஷாப் ஷட்டர் இறங்கியிருந்தது. ரேடியேட்டர் ஃபேனுக்கு வயரே கொடுக்கவில்லை. நூல்கள் உள்ளே சாய்ந்தன; நிமிர்ந்தன; சாய்ந்தன. தூங்குகிற ஆள் மூச்சு விடும் நிதானம்.

ஓட்டிப் பார்த்தார்கள். முள் எண்பத்தைந்தைத் தாண்டவில்லை.

நோட்டில் நவாஸ் வரியை அடித்தேன். நூல் தொங்கிவிட்டது. மறுபடி நூற்றுப்பத்து.

(மூன்று முறை எழுதினேன். மூன்று முறை அடித்தேன். எழுதினால் முள் இறங்கியது, அடித்தால் ஏறியது.)

“நாளன்னைக்கு ஓட்டணும் ஆச்சி,” என்றாள் இர்ஃபானா, குரலை இறக்கி. “அந்த நவாஸ் இருக்காவளா இல்லையா? ஒண்ணு சொல்லுங்க.”

“பந்தயத்துக்குப் போகாதே தாயி.”

“போவேன்.”

4.

ஒரு முடிவு: நவாஸை எழுதுகிறேன். குழாய் வெடிக்காது. ஆனால் அந்த வீட்டில் ஒரு சாவு நடந்திருக்க வேண்டும். அவர்களுடைய அம்மா மெகராஜ் பேகம் ஒரு வருஷமாக அழுதிருக்க வேண்டும்.

இன்னொரு முடிவு: அவன் பெயரை அடித்துவிடுகிறேன். ஞாயிறு, ஆறாவது சுற்றில், இர்ஃபானாவின் வலது கால்…

என்னால் முடியவில்லை. பெயர் வரவேண்டிய இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்:

அவர்களுக்கு மூத்தவன் ________.

நீங்கள் நிரப்பலாம், விட்டுவிடவும் செய்யலாம். நோட்டில் பக்க அடையாளமாக நான் வைத்திருந்த நூல் துண்டு, ஃபேன் நின்ற இந்த அறையில், இப்போது உங்கள் பக்கம் சாய்கிறது.

உங்கள் வீடு குளிர்ந்திருக்கட்டும், கண்ணுகளா. காற்று வருகிற வழியில் வந்து போகிற வழியில் போகட்டும். வீட்டில் எத்தனை பேரோ, அத்தனை பேர் மூச்சு மட்டும் கேட்கட்டும்.