எட்டுச் சுற்று மழை

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கார் பந்தயத்தைப் பற்றிய இந்தக் கதை, நான் கார் பந்தயத்தில் தூங்கிப் போனதால் பிறந்தது.

யாரோ கொடுத்த ஓசி டிக்கெட். நல்ல வெயில். கார்கள் கிளம்பின. முதலில் போனது முதலிலேயே போனது. இரண்டாவதாகப் போனது இரண்டாவதாகவே போனது. அதே கார்கள் அதே வரிசையில் ஆறாவது முறை என்னைக் கடந்தபோது கண் செருகிவிட்டது. அந்த இரைச்சலில் எப்படித் தூக்கம் வரும் என்று கேட்காதீர்கள். நான் துணிக்கடையில் வளர்ந்தவன். பத்துப் பேர் ஒரே நேரத்தில் விலை கேட்டுக் கத்த, துணி உருளையைத் தலைக்கு வைத்துத் தூங்கிப் பழகியவன்.

மூக்கில் ஒரு துளி விழுந்து விழித்தேன். மழை வந்தால் ஜனங்கள் ஓடி ஒதுங்குவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். இங்கே கூரைக்கடியில் சொகுசாக உட்கார்ந்திருந்தவர்களெல்லாம் நனைவதற்கென்றே முன்வரிசைக் கம்பிக்கு ஓடினார்கள். பக்கத்தில் அதுவரை செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ஒருவர், தாளை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு சொன்னார்:

"இப்பத்தான் சார் கடை திறக்குது."

அந்த ஒரு வாக்கியம்தான் சரக்கு. மற்றதெல்லாம் அதைச் சுற்றிக் கட்டிய பொட்டலம்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "கருமேகங்கள் யானைக் கூட்டமாய்த் திரண்டு வர, பந்தயத் தடம் ஒரு கருநாகமாய் வளைந்து—"

(யானை, நாகம். இன்னும் ஒரு மயில் வந்தால் நுழைவுக் கட்டணம் வசூலிக்கலாம். விட்டுவிட்டேன்.)

இரண்டாம் முயற்சி: "ஈரமான தார்ச்சாலையில் டயருக்கும் தரைக்கும் இடையிலான உராய்வுக் குணகம் கணிசமாக—"

(நீங்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டப் பார்த்தீர்கள். நான் பார்த்தேன்.)

மூன்றாம் முயற்சி: "அவளை எல்லோரும் கத்திரி என்று கூப்பிட்டார்கள்."

இது நிற்கும்.

கத்திரி என் அத்தை மகள். வயது முப்பத்து நாலு. அத்தையின் திரைச்சீலைக் கடையில் கோடு போடாமலே துணியை நேராக வெட்டுவாள். பெயர் அப்படி வந்தது. கடை வேனில் சரக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவள்தான். வேன் திரும்பி வரும் நேரத்தைப் பார்த்து அத்தைக்குச் சந்தேகம் வந்தது. வேகத்தைப் பார்த்து இன்னொருவருக்கு ஆசை வந்தது. அந்த இன்னொருவர் இரண்டு கார் வைத்து ஒரு சின்னப் பந்தய அணி நடத்துபவர். இந்தக் கதையில் அவர் முதலாளி.

[எனக்கும் அவளுக்கும் ஒருமுறை கல்யாணப் பேச்சு வந்தது. என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து ஒரே ஒருமுறை வந்தாள். "நடந்து வந்திருந்தா இன்னும் சீக்கிரம் வந்திருப்பேன் அத்தான்" என்றாள். பேச்சு அத்தோடு முடிந்தது.]

விஷயம் இதுதான். அடுத்த வருஷம் முதலாளி ஒரு காரைத்தான் பந்தயத்தில் இறக்கப்போகிறார். ஓட்டுபவர்கள் இரண்டு பேர்: கத்திரியும், முதலாளியின் மாப்பிள்ளையும். இன்றைய பந்தயத்தில் இருவரில் யார் முன்னால் முடிக்கிறாரோ, கார் அவருக்கு. மற்றவர் வீட்டுக்கு. கத்திரிக்கு வீடு என்றால் கடை, கடை என்றால் ஆயுசுக்கும் திரைச்சீலை. "நியாயமான போட்டி" என்றார் முதலாளி. புது இன்ஜின் மாப்பிள்ளை காரில் இருப்பதை ஏனோ சொல்ல மறந்துவிட்டார்.

மாப்பிள்ளை ஹெல்மெட் போடுவதற்கு முன் ஒருமுறையும் கழற்றிய பின் ஒருமுறையும் தலை சீவுவான். எனவே சீப்பு. முதல் பிரதியில் அவனைக் கெட்டவனாக எழுதினேன். கத்திரியின் காரில் அவன் ஏதோ ஒரு திருகாணியைத் தளர்த்தும் காட்சிகூட இருந்தது. அடித்துவிட்டேன். அவன் நல்ல டிரைவர். மாமனார் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவன். அது குற்றமென்றால் ஊரில் பாதி ஆண்பிள்ளைகளை உள்ளே தள்ள வேண்டும்.

3

கொஞ்சம் வியாபாரம் பேசலாம்.

காய்ந்த தடம், விலைச்சீட்டு ஒட்டிய கடை. நல்ல இன்ஜின் முன்னால் போகும், சுமார் இன்ஜின் பின்னால் வரும். பேச்சுக்கே இடமில்லை, பில்லைப் போட்டுப் பையைக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

மழை விழுந்ததும் அந்தச் சீட்டு ஊறிக் கிழிந்துவிடுகிறது. புது இன்ஜினின் பலம் சக்கரம் வரைக்கும் வரும், தரைக்கு வராது. அழுத்தி மிதித்தால் சக்கரம் நின்ற இடத்தில் சுற்றும். எல்லோரும் ஓடி ஓடி ரப்பர் படிந்த பாதை வெயிலில் ராஜபாட்டை, மழையில் அதுவே சோப்பு. அதனால் யாரும் போகாத ஓரங்களில் பிடிப்பு எங்கே கிடைக்கும் என்று தேடிப் போக வேண்டும். முன்னால் போகிற கார் கிளப்பும் நீர்த்திரையில், பின்னால் வருகிறவருக்குத் தன் மூக்கே தெரியாது.

ஒவ்வொரு வளைவும் ஒரு பேரம். "இவ்வளவு வேகம் கேட்கிறேன், தருவாயா?" என்று டிரைவர் கேட்கிறார். தரை சில சமயம் கொடுக்கும். சில சமயம் "கட்டுப்படியாகாது" என்று சொல்லும். அதை வாயால் சொல்லாது. காரைச் சுழற்றி, வந்த வழியைப் பார்க்க வைத்துச் சொல்லும்.

கூட்டம் நனைந்துகொண்டு நிற்பது இதற்காகத்தான். விலை ஒட்டிய கடையில் வேடிக்கை பார்க்க யார் நிற்பார்கள்?

4

ஆகவே கத்திரி பிழைக்க வேண்டுமானால் மழை வேண்டும். மழை என் பேனாவில் இருக்கிறது. இருபது சுற்றுப் பந்தயத்துக்கு இருபது சுற்றும் கொட்டும் என்று தாராளமாக எழுதிவிட்டு, உள்ளம் குளிர்ந்து உட்கார்ந்திருந்தேன். ஹெல்மெட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவளே வந்து நின்றாள்.

(கதாபாத்திரம் எழுத்தாளனிடம் வந்து பேசுவதா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். இது எங்கள் குடும்பத்துக் கதாபாத்திரம். கொடுத்ததைக் கொடுத்தபடி வாங்கிக்கொண்டு போனால்தான் நான் சந்தேகப்படுவேன்.)

"எத்தனை சுத்து மழை போட்டிருக்கீங்க அத்தான்?"

"இருபதும். உனக்காகத்தான்."

"வேணாம்."

"ஏன்?"

"இருபது சுத்து கொட்டினா தண்ணி தேங்கி நிக்கும். சிவப்புக் கொடியைக் காட்டி நிறுத்திடுவாங்க. அப்புறம் அவன் தலை சீவிட்டு வீட்டுக்குப் போவான், நான் கடைக்குப் போவேன்."

"சரி, பதினஞ்சு."

"அஞ்சு."

சரக்கைக் குறைத்துக் கொடு என்று பேரம் பேசும் வாடிக்கையாளரை வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தேன்.

"பன்னண்டு. அதுக்குக் கீழ எனக்கு நஷ்டம்."

"மழையில ஜெயிச்சா, மழை ஜெயிச்சுதும்பாங்க. மழை நின்னு தடம் காயுது பாருங்க, அந்த நேரம்தான் எனக்கு வேணும். மழை டயரை எப்பக் கழட்டறது, காய்ஞ்ச தடத்துக்கான வழவழப்பு டயரை எப்ப மாட்டறதுன்னு இன்ஜின் வந்து சொல்லாது. அது அவனவன் புத்தி."

"எட்டு. கடைசி விலை."

"எட்டுக்கு ஒத்துக்கறேன். ஆனா கடைசிச் சுத்துல நீங்க கை வைக்கக் கூடாது. வானத்துலயும் சரி, தடத்துலயும் சரி."

"கதையோட முடிவையே கேக்கறியேம்மா."

"ஆமா. கட்டலன்னா விடுங்க."

திரும்பி நடந்தாள்.

இங்கே ஒரு குடும்ப ரகசியத்தை உடைக்க வேண்டியிருக்கிறது. எங்கள் கடை வாசலுக்கு மூன்று படி. பேரம் படியாதவர் இறங்கிப் போவார். அவர் மூன்றாவது படியைத் தாண்டுவதற்குள் கடைக்காரர் கூப்பிட்டால் கடைக்காரருக்கு நஷ்டம். அவராகத் திரும்பிப் பார்த்தால் அவருக்கு நஷ்டம். மொத்த வியாபாரமும் அந்த மூன்று படியில்தான்.

கார் கொட்டகையில் படி ஏது? இரண்டாவது எட்டிலேயே நான் கூப்பிட்டுவிட்டேன்.

5

பந்தயம். எனக்குப் பக்கத்தில் அத்தை. கையில் மடித்த குடை. மகள் ஓட்டுவதைப் பார்க்க அவள் வருவது இதுதான் முதல் முறை. வந்ததுகூடப் பார்ப்பதற்காக அல்ல.

"இன்னியோட முடியுதுல்ல மருமகனே? நாளைக்கு ஸ்டாக் எடுக்கணும். வெட்டற மேஜையில ஆள் இல்ல."

ஆறு சுற்று வெயில். சீப்பு மூன்றாவது, கத்திரி பதினொன்றாவது. அத்தை கொட்டாவி விட்டாள். ஏழாவது சுற்றில், ஒப்பந்தப்படி, மழை.

டயர் மாற்ற எல்லோரும் உள்ளே வந்தார்கள். முதலாளியிடம் டயர் மாற்ற ஒரே குழு. ஒரு நேரத்தில் ஒரு கார்தான். சீப்பு முன்னால் வந்ததால் அவனுக்கு முதலில். கத்திரி பின்னால் காத்து நின்றாள், பதினாலு நொடி. அந்தப் பதினாலு நொடியை நினைவில் வையுங்கள். அவள் வைத்துக்கொண்டாள்.

பிறகு நடந்ததை எழுதுவதைவிட எழுந்து நின்று காட்டுவது எளிது. எல்லோரும் வளைவின் உள்பக்கம் ஒட்டிப் போக, அவள் வெளி ஓரத்தில், யாரும் மிதிக்காத சொரசொரப்பில் போனாள். ஒருவர் சறுக்கிப் புல்லில் ஏறினார். இன்னொருவர் சுழன்று எதிர்த்திசையைப் பார்த்து நின்றார். பதினாலாவது சுற்று முடிந்தபோது சீப்பு முதலாவது. அவன் கிளப்பிய நீர்த்திரைக்குள் எங்கேயோ கத்திரி இரண்டாவது. அத்தை கொட்டாவியை மறந்திருந்தாள்.

மழையை நிறுத்தினேன். தடத்தில் கார் அகலத்துக்கு ஒரு காய்ந்த கோடு தெரிய ஆரம்பித்தது. மழை டயர் காய்ந்த தரையில் ஓடினால் சூடேறித் தேய்ந்துவிடும். எப்போது மாற்றுவது?

அணிக்கு ஒரே ரேடியோ. இரண்டு டிரைவர்களும் கேட்பார்கள், வாடகைக்கு இயர்போன் எடுத்தால் நாமும் கேட்கலாம். ஒரு காது அத்தைக்கு, ஒரு காது எனக்கு. பதினேழாவது சுற்று.

"டயர் போச்சுண்ணா. இந்தச் சுத்து உள்ள வர்றேன். எடுத்து வைங்க." கத்திரி.

"வா வா, ரெடி." மெக்கானிக்.

"நான்தானே முன்னாடி இருக்கேன்? எனக்கு முதல்ல போடுங்க." சீப்பு.

"ஆமா, மாப்பிள்ளை வரட்டும். அவ நிக்கட்டும்." முதலாளி.

சீப்பு டயர் மாற்றும் சந்துக்குள் திரும்பினான். பின்னாலேயே கத்திரியும் சந்தின் வாய் வரைக்கும் ஒதுங்கி வந்தாள். வெள்ளைக் கோட்டுக்கு ஒரு முழம் இருக்கும்போது, காரை வெடுக்கென்று ஒடித்துத் தடத்துக்கே போய்விட்டாள்.

"ஏய், எங்க போற?"

"சும்மா பாத்துட்டுப் போறேண்ணா."

செய்தித்தாள்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். (அவரை இங்கேயும் உட்கார வைத்திருக்கிறேன், நல்ல ஆளை விட மனசு வரவில்லை.) "பைத்தியமா அந்தப் பொண்ணு? டயர் தாங்காது சார்."

அத்தை சிரித்தாள். கடையில் அவள் அப்படிச் சிரித்தால் எதிரே நிற்பவர் பையைத் தடவிப் பார்த்துக்கொள்வார்.

"படி இறங்கிட்டா. அவன் விலையைச் சொல்லிட்டான் மருமகனே. இவ இன்னும் வாயே திறக்கல."

6

சீப்பு வழவழப்பு டயரை ஒரு சுற்று சீக்கிரமாகவே மாட்டிவிட்டான். தடத்தின் பின்பக்கம் மரங்களுக்கடியில் இன்னும் ஈரம். அங்கே அவன் எண்ணெயில் விட்ட கோலிக்குண்டு மாதிரி வழுக்கிக்கொண்டு போனான். கத்திரி இருபத்தெட்டு நொடி முன்னால். ஆனால் தடம் காய்ந்துகொண்டே வந்தது. பத்தொன்பதாவது சுற்றின் தொடக்கத்தில் இடைவெளி இருபது நொடி, அதன் முடிவில் ஒன்பது. இனி உள்ளே போய் டயர் மாற்ற அவளுக்கு நேரமில்லை. மற்றவர்கள் காய்ந்த கோட்டைத் தேடிப் போக, அவள் குட்டை குட்டையாகத் தேடிப் போய் மிதித்துச் சூடான டயரைக் குளிப்பாட்டினாள்.

கடைசிச் சுற்று. வானத்தில் ஒரே ஒரு மேகம் மிச்சமிருக்கிறது. என்னுடையதுதான்.

முடிவு அ: மேகம் உடைகிறது. சீப்பு சறுக்குகிறான். கத்திரி— (வாக்குத் தவறியவன் என்று அத்தை என்னைக் கடைக்குள் சேர்க்க மாட்டாள்.)

முடிவு ஆ: சீப்பு தாண்டிவிடுகிறான். மறுநாள் வெட்டும் மேஜையில் கத்திரி முதல்முறையாகத் துணியைக் கோணலாக— (என் கண்ணே கலங்கிவிட்டது. விட்டுவிட்டேன்.)

முடிவு இ: இருவரும் ஒரே நேரத்தில் கோட்டைத் தொடுகிறார்கள். முதலாளி மனம் நெகிழ்ந்து இரண்டு காரையும்— (நெகிழ்கிற முதலாளியை நான் எங்கே போய்ப் பிடிப்பது?)

ஆனாலும் கை அரிக்கிறது. ஒரு தூறல். ஒரே ஒரு துளி. அத்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். குடை காலடியில் கிடக்கிறது. பேனாவை எடுத்தேன்.

"அதைத் தொடாத."

"அத்தே, அவ தோத்தா நாளைக்கே உங்க மேஜைக்கு வந்துருவா. நீங்க கேட்டதும் அதானே."

"மேஜைக்கு வேற ஆள் பாத்துக்கலாம். மறைக்காம நகரு."

கடைசி வளைவு. உள்பக்கம் காய்ந்துவிட்டது, அங்கே சீப்பு, வழவழப்பு டயரில், முழு வேகத்தில். வெளி ஓரம் இன்னும் நனைந்து பளபளக்கிறது. சூடேறிய மழை டயருக்கு ஊரில் மிச்சமிருக்கும் ஒரே ஈரம் அது. கத்திரி காரை அங்கே விடுகிறாள். இரண்டு மூக்கும் சமம். அவள் தன் விலையைச் சொல்லிவிட்டாள். தரை பதில் சொல்ல வேண்டும்.

நான் பேனாவை மூடிவிட்டேன். வாக்கு வாக்குதான். மேகத்தை உங்கள் பக்கத்து நாற்காலியில் வைத்திருக்கிறேன். பிழிவதும் ஊதித் தள்ளுவதும் உங்கள் பாடு. நான் பார்வையாளர் வரிசையிலிருந்து இறங்குகிறேன்.

ஒரு படி.

இரண்டு. பின்னால் கூட்டம் மொத்தமாக எழுந்து நிற்கும் சத்தம் கேட்கிறது. அதில் அத்தையின் குரல் தனியாகத் தெரிகிறது. என்னவோ கத்துகிறாள். திரும்பிப் பார்த்தால் எனக்கு நஷ்டம்.

மூன்றாவது படிக்குக் காலைத் தூக்கியிருக்கிறேன். மெதுவாகத்தான் வைப்பேன்.