ஒன்பதாம் கேள்வி

உளவியல் ஆனர்ஸ் வகுப்பில் அந்த ஆண்டு அவளுக்கு மூன்று பாடங்கள்: உளவியலின் வரலாறு, ஆய்வு நெறிமுறை, தானே தேர்ந்தெடுக்கும் சிறப்புப் பாடம் ஒன்று. சிறப்புப் பாடத்துக்கு ஷிஃப்ட் வேலை செய்பவர்களின் தூக்கத்தையும் மனநிலையையும் எடுத்துக்கொண்டாள். அவளுடைய அக்கா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுபவள். அக்கா சொன்னதால்தான் அங்கிருந்த மற்ற முப்பத்தெட்டு பேரும் கேள்வித்தாளை நிரப்பிப் பெட்டியில் போட்டார்கள். பெயர் வேண்டாம், யார் எழுதியது என்று தேட மாட்டேன் என்று அவள் எல்லோருக்கும் வாக்குக் கொடுத்திருந்தாள்.

வரலாற்றுத் தேர்வுக்கு விழுந்து விழுந்து படித்ததில் அந்தத் தாள்கள் ஒன்பது நாள் பையிலேயே கிடந்தன. பிரித்தபோது ஒரு தாளில், சாகத் தோன்றுகிறதா என்ற ஒன்பதாம் கேள்விக்கு, 'தினமும்' என்ற கட்டத்தில் கோடு. பக்கத்தில் பென்சிலால், 'இந்த மாதத்தோடு சரி.'

மாதம் முடிய நான்கு நாள்தான் இருந்தது.

பேராசிரியரிடம் போய் நின்றாள். கையெழுத்தை வைத்து ஆளைத் தேடக் கூடாது, எல்லோருக்கும் பொதுவாகச் சொல், உதவி எண்ணைக் கொடு, ஆஸ்பத்திரி மனநல ஆலோசகரிடம் நான் பேசுகிறேன் என்றார். ஒன்பது நாள் ஏன் பார்க்கவில்லை என்று மட்டும் அவர் கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

மறுநாள் ஷிஃப்ட் மாறும்போது மேற்பார்வையாளர் இயந்திரங்களை நிறுத்தச் சொன்னார். ஒரு தாளில் இப்படி எழுதியிருந்தது என்று அவள் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லி, உதவி எண் எழுதிய சீட்டை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தாள். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வாசலருகே, லீவு வேண்டுமென்றால் அவரவர் காரணம் எழுதிவைக்கும் நோட்டு தொங்கியது. பென்சிலால் எழுதியிருந்த அந்தக் கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு, கையெழுத்தை ஒப்பிட அவள் நோட்டைப் புரட்டினாள். அக்காவின் கை வந்து பக்கத்தை மூடியது.

"என்னடி பண்றே? அவங்க உன்னை நம்பி எழுதல. என்னை நம்பி எழுதினாங்க."

"ஆளே போயிட்டா வாக்கை வச்சுக்கிட்டு என்னக்கா பண்றது?"

அக்கா கையை எடுத்துவிட்டாள்.

மூன்று பேர் எழுத்து ஒத்துப்போனது. இன்னொரு முறை பார்த்தபோது ஏழு பேர். அவள் நோட்டை மூடிவிட்டு அங்கேயே அழுதாள்.

அடுத்த நாள், விரிப்புகளைப் பிழியும் இயந்திரத்தில் நிற்பவர் அவளைத் தனியே கூப்பிட்டு, சீட்டு நனைந்துவிட்டது, வேறொன்று வேண்டும் என்றார். ஆள் கிடைத்துவிட்டார் என்று அவளுக்கு உயிர் வந்தது. ஆலோசகர் அறைவரை கூடவே நடந்தாள். கதவருகே அவர் நின்றார்.

"அதை எழுதினது நான் இல்லம்மா. ஆனா நானும் உள்ள போகணும்."

பிறகு தினமும் ஷிஃப்ட் மாறும்போது கேட்டில் நின்று தலைகளை எண்ணினாள். மாதத்தின் கடைசி நாள் போயிற்று. ஒன்றாம் தேதி முப்பத்தேழு பேர் கடந்து போனார்கள். துணி மடிக்கும் பெண் பஸ்ஸைத் தவறவிட்டுப் பத்து நிமிடம் கழித்து ஓடி வந்தாள். அவளைப் பார்த்ததும் இவள் மதிலோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"எல்லாரும் வந்தாச்சு. வீட்டுக்குப் போய்த் தூங்கு" என்றாள் அக்கா.

"நாளைக்கு?"

"நாளைக்கு நான் எண்ணிக்கறேன்."