சிவப்புப் பெட்டியில் ஒரு பூட்டு

1

இது ஒரு கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. எங்கள் நூலக வாசகர் வட்டத்தின் ஆண்டு மலருக்காகப் பசுமை ஆற்றல் குறித்துச் சில பக்கங்கள் எழுதித் தருமாறு அன்புடன் கேட்டிருந்தார்கள். மறுக்கத் தெரியாதவன் ஆகையால் ஒப்புக்கொண்டேன். விவரம் சேகரிப்பதற்காக மலையடிவாரத்தில் உள்ள ஒரு சிறிய நீர்மின் நிலையத்தைப் பார்க்க அனுமதி பெற்றுச் சென்றேன்.

அங்கே கட்டுப்பாட்டு அறைக்கு வெளியே, சுவரில் ஒரு சிவப்புப் பெட்டி. மூடியின் விளிம்பில் பூட்டு மாட்டுவதற்கான துளைகள். சுற்றிக் காட்டிய பொறியாளர் பொறுமையாக விளக்கினார். நீர்க்குழாயைத் திறக்கும் பெரிய வால்வின் சாவி இந்தப் பெட்டிக்குள் இருக்கும். பழுது பார்க்கக் குழாய்க்குள் இறங்கும் ஒவ்வொருவரும் தம் பெயர் எழுதிய சொந்தப் பூட்டை இதில் மாட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும். வெளியே வந்ததும் அவரேதான் அதைக் கழற்ற வேண்டும். கடைசிப் பூட்டு கழலும்வரை பெட்டி திறக்காது, வால்வும் திறக்காது, தண்ணீரும் வராது.

“அடுத்தவன் பூட்டுல கை வைக்கிறதும் அவன் கழுத்துல கை வைக்கிறதும் இங்க ஒண்ணுதான் சார்” என்றார்.

அன்று பெட்டியில் பூட்டு எதுவும் இல்லை. ஆனால் வீடு திரும்பும் பேருந்தில் கண்ணை மூடியபோது, அதில் ஒரே ஒரு பூட்டு தொங்கியது. கட்டுரை அங்கேயே நின்றுபோயிற்று. வாசகர் வட்டச் செயலாளர் மன்னிக்க வேண்டுகிறேன்.

2

தொடக்க வரியைப் பலவாறு எழுதிப் பார்த்தேன். மறைப்பது நாகரிகமன்று என்பதால் அவற்றையும் இங்கே வைக்கிறேன்.

மின்சாரம் என்பது இயற்கை மனித குலத்துக்கு வாரி வழங்கிய மகத்தான—

(இயற்கை வழங்கவில்லை. உயரத்திலிருந்து விழும் நீர் சக்கரத்தைச் சுற்ற, சக்கரம் காந்தத்தைச் சுற்ற, அதைச் சூழ்ந்த செப்புக் கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. யாராவது வால்வைத் திறக்க வேண்டும்.)

அன்று காலையிலிருந்தே அவள் மனம் ஏனோ—

(‘ஏனோ’ என்று எழுதினால் எழுதுபவனுக்கே காரணம் தெரியவில்லை என்று பொருள்.)

கடைசியில் எஞ்சியது இவ்வளவே: பிற்பகலில் மேகம் வந்தது.

மேகம் வந்து சமவெளியிலுள்ள சூரியத் தகடுகளை மூடியது. சொல்லிவைத்தாற்போலக் காற்றும் நின்றது. குன்றின் மேலிருந்த காற்றாலைகள் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றன. மின் தேவையோ குறையவில்லை. எந்த நிலையம் எவ்வளவு தர வேண்டும் என்று முடிவு செய்யும் மையத்திலிருந்து நம் சிறிய நிலையத்துக்குத் தொலைபேசி வந்தது. குழாயில் வெல்டிங் வேலை முடிந்துவிட்டதல்லவா, உடனே இயந்திரத்தை ஓட்டுங்கள் என்றார்கள்.

வேலை முடிந்திருந்தது. இறங்கியவர்கள் ஏறி வந்து, குழாயின் ஆள்நுழை மூடியைப் போல்ட் போட்டு இறுக்கி, தத்தம் பூட்டுகளைக் கழற்றிக்கொண்டு கை கழுவப் போய்விட்டார்கள். அந்த ஷிஃப்டின் பெண் பொறியாளர் சாவி எடுக்க வந்து, பெட்டியின் முன் நின்றுவிட்டார்.

ஒரு பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதில் அவருடைய தம்பியின் பெயர்.

3

இந்தத் தம்பியைப் பற்றி எனக்கு ஓர் ஐயம் உண்டு. வாசகரிடம் சொல்லிவிடுவது முறை. முதலில் அவரைப் பொறியாளரின் கணவராக எழுதியிருந்தேன். கணவன் மனைவி என்றதும் காலையில் நடந்த சண்டை, பேசாத சொல் என்று பேனா தானாகவே ஓடத் தொடங்கியது. பயந்துபோய்த் தம்பியாக்கினேன். தம்பியிடம் அக்காவுக்கு ஊடல் இல்லை, எரிச்சல் மட்டுமே. எரிச்சலை எழுதுவது சற்றுச் சுலபம்.

நிலையத்தில் அவரை எல்லோரும் ‘தூங்குமூஞ்சி’ என்பார்கள். நின்றால் தூக்கம், சாய்ந்தால் தூக்கம். நல்ல ஃபிட்டர், கைவேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் வேலை முடிந்ததும் பூட்டைக் கழற்ற மறந்து வீட்டுக்குப் போய்விடுவார். இரண்டு முறை அப்படி நடந்து எச்சரிக்கையும் வாங்கியிருந்தார். இன்னொரு முறை என்றால் வேலை போய்விடும் என்று மேலாளர் அக்காவிடமே சொல்லியிருந்தார்.*

*(தூக்கத்தை ஒரு நோயாக ஆக்கலாமா என்று யோசித்தேன். அப்போது வாசகர் இரக்கப்பட்டுவிடுவார். இரக்கம் வேண்டாம், அவர் எங்கே இருக்கிறார் என்பதுதான் வேண்டும்.)

4

மேலாளர் வந்தார். கைபேசியில் அழைத்தார்கள், அது உடை மாற்றும் அறையில், தம்பியின் அலமாரிக்குள் ஒலித்தது. குழாய்க்குள் யாரும் கைபேசி கொண்டுபோவதில்லை என்பதால் அதிலிருந்து எதுவும் தெரியவில்லை.

வெல்டர் கையைத் துடைத்தபடியே ஓடி வந்தார். எல்லோரும் ஏறிவிட்டதாகத்தான் ஞாபகம் என்றார். கடைசியாக ஏறியது யார் என்று கேட்டதற்கு, நீலச் சட்டையின் முதுகு ஒன்றைப் பார்த்ததாகச் சொன்னார். அங்கே எல்லோருக்கும் நீலச் சட்டைதான்.

வாசல் காவலரைக் கேட்டார்கள். நிறுத்துமிடத்தில் தூங்குமூஞ்சியின் பைக் இல்லை என்று பதில் வந்தது. மேலாளரின் முகத்தில் உயிர் திரும்பியது.

“அப்புறம் என்ன மேடம்? மூஞ்சி வழக்கம்போல மாட்டிட்டு மறந்துட்டுக் கிளம்பிட்டான். கட்டர் எடுத்துட்டு வரச் சொல்லுங்க.”

விதியிலும் அதற்கு இடமுண்டு. பூட்டுக்குரியவர் வெளியே இருப்பது உறுதியானால் மேலாளரின் பொறுப்பில் அதை வெட்டலாம்.

இந்த இடத்தில் நான் அக்காவுக்கு ஒரு நீண்ட மன ஓட்டத்தை எழுதியிருந்தேன். (நீக்கிவிட்டேன். அவர் அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளவில்லை, எடுத்துக்கொண்டது நான்தான்.)

“பைக் ஒர்க்‌ஷாப்புல கிடக்கு சார். காலையில என் ஸ்கூட்டர் பின்னாடி உக்காந்துதான் வந்தான். வழியெல்லாம் என் முதுகுல முட்டி முட்டித் தூங்கிக்கிட்டு வந்தான்.”

வெல்டர் குனிந்து தரையைப் பார்த்தார். குழாய் ஓரிடத்தில் வளைந்து கீழிறங்குகிறது. அந்த வளைவுக்கு அப்பால் நுழைவாயிலின் வெளிச்சம் போகாது. வெயில் நாளிலும் குளிர்ந்திருக்கும். உணவு இடைவேளையில் தம்பி அங்கே தலை சாய்த்ததைத் தாம் பார்த்ததாக அவர் மெல்லச் சொன்னார்.

5

மேலாளரைப் பற்றியும் நியாயமாக நாலு வார்த்தை. முந்தைய வரைவில் அவரைக் கொடியவராக்கியிருந்தேன். அது பிழை. அவருடைய மேசைமேல் ஒரு சிறிய திரை இருக்கிறது. நாடெங்கும் ஓடும் மின்சாரத்தின் நாடித் துடிப்பு அதில் தெரியும். நொடிக்கு ஐம்பது சுழற்சி என்பது நலம். அந்த எண் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் இறங்கினால் ஊர் ஊராக இணைப்பைத் துண்டிப்பார்கள்.

(இங்கே ஓர் அறுவை சிகிச்சை அரங்கை எழுதி, விளக்கு அணையப்போவதாகப் பதற வைத்திருந்தேன். மருத்துவமனைகளில் ஜெனரேட்டர் உண்டு. விவரம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். ஆகவே லிப்டில் சிக்கப்போகிறவர்களையும், சிக்னல் அணைந்த நாற்சந்தியையும், ஐந்தாவது மாடியில் தண்ணீர் ஏறாமல் நிற்கும் வீட்டையும் நினைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். அவர்களும் மனிதர்கள்தாம்.)

தொலைபேசி மறுபடி அடித்தது. மையத்து அதிகாரி குரலை உயர்த்தாமலே கேட்டார்: ஒரு பூட்டுக்காகவா?

மூடியைத் திறந்து தேடுவதென்றால் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். வெல்டர் ஏற்கெனவே ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஓடியிருந்தார். யாரோ கொண்டுவந்து நீட்டிய கட்டரை வாங்கிக்கொண்டு மேலாளர் தணிந்த குரலில், அக்காவுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

“யோசிச்சுப் பாருங்கம்மா. பின் கேட் வழியா நடந்து போயிருந்தான்னா? ஊரையே இருட்டாக்கிட்டுத் தேடினோம், அவன் சலூன்ல தூங்கிட்டிருந்தான்னு நாளைக்கு மேலேருந்து எழுதிக் கேப்பாங்க. அவனுக்கு வேலை போயிடும். உங்களுக்கும்தான்.”

அக்கா பெட்டியின் முன்னே வந்து, முதுகை அதன்மேல் சாய்த்து நின்றார்.

“போகட்டும் சார். வெட்டிப் போட்டு வால்வைத் திறந்தப்புறம் அவன் சலூன்ல இருந்து வந்தாலும், இனிமே எந்த நம்பிக்கையில சார் ஒருத்தன் அந்தக் குழாய்க்குள்ள காலை வைப்பான்?”

மேலாளர் கையிலிருந்த கட்டரைக் கீழே வைக்கவில்லை.

6

இனி முடிவு. இரண்டு எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்று. மூடி திறக்கிறது. வெல்டர் விளக்கை நீட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். எதிரொலி மட்டும் வருகிறது. அப்போது பின் கேட் வழியாக, தலையில் எண்ணெய் மினுங்க, தம்பி நடந்து வருகிறார். ஊர் இருண்டுவிட்டது. அக்கா அவர் கன்னத்தில்—

(நிறுத்திவிட்டேன். எல்லோரும் பிழைத்தார்கள் என்ற நிம்மதியில் வாசகர் அடுத்த முறை கட்டர் பக்கம் சாய்ந்துவிடுவார்.)

மற்றொன்று. மூடி திறப்பதற்குள் மேலாளர் அக்காவை நகர்த்திவிட்டுப் பூட்டை வெட்டுகிறார். வால்வின் சக்கரம் சுற்றுகிறது. மேலே தண்ணீர்—

(இதை முடிக்க இயலவில்லை. மூன்று சொல் போதும் என்று தெரியும். அந்த மூன்று சொல்லை எழுதும் கை என்னுடையதாக இருக்கும்.)

ஆகவே இப்படி நிற்கிறது. போல்ட்டுகள் பாதி கழன்றிருக்கின்றன. திரையில் எண் இறங்கிக்கொண்டிருக்கிறது. அக்கா பெட்டியை விட்டு நகரவில்லை.

முடிவு சொல்லாமல் போவது மரியாதைக் குறைவு என்பதை அறிவேன். ஆயினும் நான் அந்த நிலையத்தின் விதியைப் படித்தவன். ஆளை வெளியே கண்ணால் பார்க்காதவர் அந்த ஆளின் பூட்டைத் தொடக் கூடாது. எழுதுபவன் நான்தான் என்றாலும், மூடியை இறுக்கிய பிறகு அந்தத் தம்பியை நான் எங்குமே பார்க்கவில்லை. எத்தனையோ முறை தேடியும் அந்த வளைவுக்கு அப்பால் என் விளக்கு எட்டவில்லை.

நீங்கள் பார்த்திருக்கலாம். சலூனில், பேருந்து நிறுத்தத்தில், ஏதேனும் ஒரு சுவரோரம், நீலச் சட்டையில், வாய் லேசாகத் திறந்தபடி. பார்த்திருந்தால் தயவுசெய்து அவரை எழுப்பி, கையோடு அழைத்து வாருங்கள். அவரே வந்து கழற்றட்டும்.

அதுவரை உங்கள் வீட்டில் விளக்கு எரியாமல் போனால், பொறுத்தருள வேண்டுகிறேன்.