கேட்டது அத்தையிடம்

"உங்ககிட்ட கேக்கலை மாமா. அத்தைகிட்ட கேட்டேன்."

வாயை விட்டு வந்த பிறகுதான் மருமகளுக்குத் தான் சொன்னது உறைத்தது. கூடத்தில் மாமனார் செய்தித்தாளை மடிக்க ஆரம்பித்தார். அவர் அதை மடிக்கிற விதத்தை வைத்தே அந்த வீட்டில் அன்றைய வானிலையைச் சொல்லிவிடலாம். நாலாக மடித்தால் தூறல். எட்டாக மடித்தால் ஆளாளுக்கு ஒரு வேலையைத் தேடிக்கொண்டு நழுவிவிடுவார்கள். அன்றைக்கு எட்டு.

கேட்டது ஒன்றும் பெரிய கேள்வி இல்லை. 'வீட்டில் உங்களுக்கென்று தேவையிருந்தும் இன்னும் வாங்காத சாமான் ஏதாவது உண்டா?' அவ்வளவுதான். சமையலறை நிலையில் சாய்ந்து, ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றுகொண்டிருந்த மாமியார் வாயைத் திறக்கத்தான் திறந்தாள். அதற்குள் மாமனார் முந்திக்கொண்டார்.

"அவளுக்கு என்ன குறை? எல்லாம் இருக்கு. எழுதிக்கோ."

அதற்குத்தான் மருமகள் அப்படிச் சொன்னாள். சொல்லிவிட்டுக் கையிலிருந்த கல்லூரி ஆய்வுக் கேள்வித்தாளில் எழுதினாள். அவர் எட்டிப் பார்த்தார். தாளில் 'விடை இல்லை' என்று இருந்தது.

"நான்தான் வாயால சொன்னேனே! என்னைப் பாத்தா விடை மாதிரி தெரியலையா உனக்கு?"

சோபாவில் படுத்திருந்த சின்னவன், அவளுடைய கொழுந்தன், தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தான்.

"வகுப்புல அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க மாமா. ஒருத்தரைக் கேட்டதுக்கு இன்னொருத்தர் பதில் சொன்னா அதை எடுத்துக்கக் கூடாதாம். விடை இல்லைன்னு போட்டுடணுமாம்."

"கல்யாணம் ஆன நாள்லேருந்து இவளுக்கு நான்தான் பதில் சொல்றேன். பேங்குல சொல்லியிருக்கேன், ஆஸ்பத்திரியில சொல்லியிருக்கேன். எந்த டாக்டரும் விடை இல்லைன்னு எழுதினதில்லை."

"பால் பொங்குது" என்று சொல்லிக்கொண்டே மாமியார் உள்ளே போய்விட்டாள். அடுப்பில் பால் இல்லை. அது மருமகளுக்கும் தெரியும்.

அவர்களுடையது மேசை, நாற்காலி, கட்டில், பீரோ விற்கிற வீடு. கடைத்தெருவில் மூன்று மாடி. மூத்தவன், அதாவது மருமகளின் கணவன், வெளியூர்க் கிளையைப் பார்த்துக்கொள்ளப் போய்விட்டான். மிச்சம் இருப்பவன் சின்னவன். பேச்சில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. கடைப் பையன்கள் அவனுக்கு வைத்த பெயர் 'மைக்'. வாங்க வந்தவர்கள் வாங்காமல் போனாலும் போவார்கள், அவன் பேச்சைக் கேட்காமல் போக முடியாது. ஆனால் புத்தகத்தைத் திறந்தால் மட்டும் அவனுக்குக் கொட்டாவி வந்துவிடும். ஒரு பட்டமாவது இருக்கட்டும் என்று மாலைக் கல்லூரியில் வணிக மேலாண்மை படிக்கச் சேர்த்தார் மாமனார். அவன் மட்டம் போடாமல் பார்த்துக்கொள்ள மருமகளையும் கூடவே சேர்த்துவிட்டார். காவலுக்குப் போனவள் படிக்க ஆரம்பித்துவிட்டாள். அதை யாரும் எதிர்பார்க்கவில்லை.

ஆய்வு முறை, பேச்சுப் பயிற்சி இரண்டுக்கும் ஒரே டீச்சர்தான். 'நிமிர் டீச்சர்' என்று பெயர். வகுப்பில் எவர் எழுந்தாலும் அவர் சொல்லும் முதல் வார்த்தை அதுதான்: "நிமிர்!" முதல் நாள் மருமகள் எழுந்து தன்னைப் பற்றி நாலு வரி சொல்ல வேண்டியிருந்தது. குரல் தொண்டையிலேயே உட்கார்ந்துவிட்டது. டீச்சர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, "கடைசி பெஞ்சுக்குக் கேக்கலையாம்மா" என்றார். கடைசி பெஞ்சில் சின்னவன் தூங்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு எதுவுமே கேட்டிருக்காது.

இருவர் இருவராகச் சேர்ந்து ஓர் ஆய்வு செய்ய வேண்டும், கடைசியில் தேர்வாளர்கள் முன்னால் நின்று அதைச் சொல்ல வேண்டும். இதுதான் இறுதித் தேர்வு. மாமனாரே தலைப்பைக் கொடுத்தார். "நம்ம கடைக்கு ஒரு தடவை வர்ற பொம்பளைங்க ரெண்டாவது தடவை ஏன் வர மாட்டேங்கறாங்க? அதைக் கண்டுபிடிங்க. காலேஜுக்கும் ஆச்சு, கடைக்கும் ஆச்சு."

சின்னவன் வெயிலில் அலைய மாட்டான். கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போனவள் மருமகள்தான். போன இடங்களில் பாதிக்கு மேல் அவள் வீட்டுக் கூடமாகவே இருந்தது. கதவைத் திறப்பது மனைவி. கேள்வி கேட்டதும் உள்ளேயிருந்து கணவன் குரல் வரும்: "நல்லா இருக்குன்னு போட்டுக்கம்மா!" ஒரு வீட்டில் கணவன் இல்லை, அப்பாடா என்று உட்கார்ந்தாள். பால்பல் விழுந்த வாயோடு சின்ன மகன் வந்து அம்மாவுக்குப் பதில் சொன்னான். அந்த அம்மா பெருமையாக அவன் தலையைத் தடவினாள். கணவன்மார் சொன்னதையெல்லாம் மருமகள் தாளின் ஓரத்தில் பென்சிலால் குறித்தாள். விடைக்கான கட்டத்தில் மட்டும் 'விடை இல்லை'.

ஒரே ஒருத்தி குப்பை கொட்டுகிற சாக்கில் கேட் வரைக்கும் பின்னாலேயே வந்தாள். "உங்க கடைக்கு நானும் வந்தேன். முதுகுவலி எனக்கு. கட்டில் எனக்கு. உங்க ஆளு என் வீட்டுக்காரரைப் பாத்து, 'சார், படுத்துப் பாருங்க சார்'ன்னான். அவரும் படுத்துப் பாத்துட்டு நல்லாத்தான் இருக்குன்னாரு. இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தூக்கம் இல்லை." சொல்லிவிட்டுக் காலிக் கூடையோடு திரும்பிப் போய்விட்டாள்.

அன்று வீடு திரும்பும்போது மருமகளுக்கு நடை நிலைகொள்ளவில்லை. வேகமாக நடந்தாள், நின்றாள், மறுபடி நடந்தாள். பாதிக்கு மேல் கட்டங்களில் விடை இல்லை. அலைந்ததெல்லாம் வீண் என்றுதான் அதுவரை மறுகிக்கொண்டிருந்தாள். இப்போது தாள்களை எடுத்து மறுபடி புரட்டினாள். அந்த 'விடை இல்லை' கட்டங்கள்தானே பதில்!

தேர்வுக்கு முந்தின நாள் சின்னவன் கணினியைத் திருப்பிக் காட்டினான். வண்ண வண்ணமாக வட்டப் படம். மேலே கொட்டை எழுத்தில்: 'பெண் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் முழுத் திருப்தி.'

"இது எங்கேருந்து வந்துச்சு?"

"பாதிக்கு மேல விடை இல்லைன்னே கிடந்துச்சு அண்ணி. பாக்கவே அசிங்கமா இருந்துச்சு. ஓரத்துல பென்சில்ல எழுதி வெச்சிருந்தீங்களே, அதை எடுத்து உள்ள போட்டுட்டேன். எப்படி இருக்கு?"

அவன் கெட்டவன் இல்லை. உதவி செய்துவிட்ட சந்தோஷத்தில் அவன் முகம் மின்னியது.

"அது புருஷங்க சொன்னது!"

"ஒரே வீட்டுல இருக்கறவங்கதானே அண்ணி? ரெண்டும் ஒண்ணுதானே?"

மாமனார் வந்து படத்தைப் பார்த்தார். அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பெரிதாக அச்சடித்துக் கடை வாசலில் மாட்டலாம் என்றார். படம் பொய், குறை நம் கடையில்தான் என்று மருமகள் சொல்லிப் பார்த்தாள். பிறகு சாவகாசமாகச் சொன்னார். "நாளைக்குச் சின்னவன் பேசட்டும். நீ பக்கத்துல நின்னு படத்தை மாத்து, போதும்."

"நான் பேசலைன்னா எனக்கு மார்க் கிடையாது மாமா. பேச்சுக்குத் தனித்தனியா மார்க். ஃபெயிலாயிடுவேன்."

"ஆனா ஆயிட்டுப் போ. உன்னை யாரு வேலைக்கு அனுப்பப் போறா? பாக்கறதுக்கு வியாபாரிகள் சங்கத்துலேருந்தெல்லாம் வர்றாங்க. நம்ம வீட்டுப் பொண்ணு அவங்க முன்னாடி நின்னு நம்ம கடையையே குறை சொன்னா, என் மூஞ்சிய நான் எங்கே கொண்டு போய் வெச்சுக்கறது?"

கணவனுக்குப் போன் போட்டாள். அவன் எப்போதும்போல அன்பாகத்தான் பேசினான். "அப்பா சொன்னா ஏதாவது காரணம் இருக்கும். வேணும்னா அம்மாவை ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன்."

"அத்தையைக் கேட்டா மாமா பதில் சொல்றாரே!"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. போனை வைத்துவிட்டுக் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தாள். தண்ணீர் குடித்தாள். குடித்த டம்ளரையே மறுபடி கழுவினாள். மாமியார் காய் நறுக்கியபடி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். கையில் கத்தி கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது.

மறுநாள் கல்லூரி அரங்கில் மாமனார் முன் வரிசையில், சங்கத்துக்காரர்கள் நடுவே உட்கார்ந்திருந்தார். மேடையில் சின்னவன் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தான். கை தட்டினார்கள், ரெண்டு இடத்தில் சிரித்தார்கள். மருமகள் பக்கத்தில் நின்று படத்தை மாற்றினாள். 'முழுத் திருப்தி' வட்டம் திரையில் விரிந்தபோது அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சின்னவனைத் தாண்டி அவளைப் பார்த்தார். "வீடு வீடா போனது நீங்கதான்னு அறிக்கையில இருக்கு. பெண்கள் தயங்காம பதில் சொன்னாங்களாம்மா?"

"ரொம்ப நல்லா சொன்னாங்க சார்" என்றான் சின்னவன். "அண்ணிக்குக் கொஞ்சம் கூச்ச சுபாவம். என்னைக் கேளுங்க, நான் சொல்றேன்."

அவள் பார்வை அரங்கைச் சுற்றி வந்தது. அரங்கின் ஓரத்தில் நிமிர் டீச்சர் நின்றிருந்தார். ஆனால் அவர் அவளைப் பார்க்கவில்லை, யாருக்கோ நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவள் தானாகவே நிமிர்ந்தாள்.

"சார், இப்ப இவர் சொன்னதை நீங்க எடுத்துக்கக் கூடாது."

குரல் கடைசி வரிசை வரைக்கும் போய் மோதித் திரும்பி வந்தது. அவளே திடுக்கிட்டாள்.

"கேட்டது என்னை. பதில் சொன்னது இவர். எங்க ஆய்வோட விதிப்படி இதுக்கு 'விடை இல்லை'ன்னுதான் எழுதணும். நான் போன வீடுகள்ல பாதிக்கு மேல இப்படித்தான் எழுதினேன். இந்தப் படம் தப்பு சார். வீட்டுக்காரங்க சொன்னதைப் பெண்கள் சொன்னதா போட்டிருக்கு."

சின்னவன் வாழ்நாளில் முதல் முறையாக வாயடைத்து நின்றான். முன் வரிசையை அவள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் உட்கார்ந்திருப்பாள்.

"படம் உங்க ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு. ரெண்டு பேருக்கும் மார்க் குறையும்" என்றார் தேர்வாளர்.

"குறைங்க சார்."

"சரி, பாதிக்கு மேல விடையே இல்லைன்னா உங்க ஆய்வு தோத்துப்போச்சுன்னு எடுத்துக்கலாமா?"

"இல்லை சார். கடையில எங்க ஆளுங்க வாங்க வர்ற அம்மாவை நிக்க வெச்சுட்டு அவங்க வீட்டு ஐயாகிட்ட பேசறாங்க. அதனாலதான் அவங்க திரும்பி வரலைன்னு ஒருத்தர் சொன்னாங்க. ஒருத்தர் சொன்னதை வெச்சு நான் எப்படி நம்பறது? ஆனா மத்த வீடுகள்ல கேள்வி கேக்கக் கேக்க அதேதான் என் கண்ணு முன்னாடி நடந்துச்சு."

அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மூக்கில் மாட்டிக்கொண்டு எழுத ஆரம்பித்தார்.

நடந்த வேடிக்கையைக் கேளுங்கள். வெளியே வந்ததும் சங்கத் தலைவர் மாமனாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்க மருமகளா? பிரமாதமா பேச வெச்சிருக்கீங்களே! எல்லாம் நீங்க குடுத்த இடம்." பேசியவள் ஓரடி தள்ளித்தான் நின்றாள். அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. மாமனார் பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்தார்.

வண்டியில் ஏறியதும் அவர் சொன்னார்: "நாளையிலேருந்து வகுப்புக்குப் போக வேண்டாம்."

"இன்னைக்கோட வகுப்பே முடிஞ்சுதுப்பா" என்றான் சின்னவன், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

அண்ணியோடு பேசுவதில்லை என்று அவன் முடிவு செய்திருந்தான். ஆனால் நடந்ததைச் சொல்லாமல் இருக்க அந்த மைக்கால் முடியுமா? வீட்டுக்கு வந்ததும் சமையலறை வாசலில் நின்று அம்மாவுக்கு முழுக்க நடித்தே காட்டிவிட்டான். அண்ணி நிமிர்ந்தது, தான் வாயைப் பிளந்தது, கண்ணாடி நெற்றியிலிருந்து இறங்கியது, ஒன்றையும் விடவில்லை. மாமியார் கேட்டுக்கொண்டே காய் நறுக்கினாள்.

கொஞ்ச நேரத்தில் முந்தானையில் கையைத் துடைத்தபடி கூடத்துக்கு வந்தாள். மாமனார் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். அவள் மருமகளின் எதிரில் வந்து நின்றாள்.

"அந்தப் பேப்பர் இருக்கா?"

"எந்தப் பேப்பர் அத்தை?"

"அன்னைக்கு என்னை ஒண்ணு கேட்டியே. அதைத் திருப்பிக் கேளு."

மருமகள் தாளைத் தேடவில்லை. கேள்வி மனப்பாடமாக இருந்தது. "வீட்டுல உங்களுக்குன்னு தேவையிருந்தும் இன்னும் வாங்காத சாமான் ஏதாவது இருக்கா அத்தை?"

"அவளுக்கு என்ன..." என்று செய்தித்தாள் ஆரம்பித்தது.

"கேட்டது என்னை" என்றாள் மாமியார், அந்தப் பக்கம் திரும்பாமலே. சத்தம் போட்டுச் சொல்லவில்லை. உப்புப் போதுமா என்று கேட்கிற குரல்தான். ஆனால் செய்தித்தாள் நின்றுவிட்டது.

"ஒரு ஸ்டூல் வேணும். அடுப்படியில போட்டு உக்காந்து வேலை செய்ய. நின்னு நின்னு எனக்கு ரெண்டு முட்டியும் போச்சு."

மூன்று மாடி நிறைய நாற்காலி விற்கிற மனிதர் கையிலிருந்த தாளை மடிக்கவும் இல்லை, படிக்கவும் இல்லை.

மருமகள் அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

"என்ன உயரத்துல வேணும் அத்தை?"

மாமியார் வலது கையை நீட்டித் தன் தொடைக்கு நேராகக் காற்றில் வைத்துக் காட்டினாள். கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே என்று அந்தக் கை தடுமாறவே இல்லை.