அக்காவின் தழும்பு

"அப்பெண்டிக்ஸ் ஏற்கெனவே எடுத்தாச்சு இல்லையா?" என்று டாக்டர் ஹிந்தியில் கேட்டார். நானும் மண்டையை ஆட்டி "ஜீ" என்றேன்.

இரண்டாயிரத்து நாலாம் வருஷம், ஆகஸ்ட் மாதம். புனாவை ஒட்டிய கட்கியில் நாலு நாளாக விடாத மழை. முன்னாள் ராணுவத்தினருக்கான பாலிகிளினிக்கில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காலையில் தொப்புளைச் சுற்றி ஆரம்பித்த வலி வலதுபக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் முன்னால் என் ஃபைல் விரித்துக் கிடந்தது. ஜபல்பூர் ராணுவ ஆஸ்பத்திரியில் எழுபத்தொன்பதில் அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் என்று அதில் ஒரு பழுப்புச் சீட்டு. ஆபரேஷன் நடந்தது நிஜம்தான். நடந்தது எனக்கில்லை, என் அக்கா வேதநாயகிக்கு.

"அப்போ இது வாயுதான்" என்று புடவை மேலேயே ரெண்டு இடம் அழுத்திப் பார்த்துவிட்டு மாத்திரை எழுதினார். அவர்மேல் குறை சொல்ல மாட்டேன். ஜீ என்று சொன்ன வாய் என் வாய்தானே!

என் பெயர் மங்கையர்க்கரசி. அக்காவைக் கட்டியவர் அருணாச்சலம், ராணுவத்தில் நாயக். எண்பத்தொன்றில் அக்கா தலைப்பிரசவத்துக்கு வேலூர் பக்கம் எங்கள் ஊருக்கு வந்தாள். பிழைக்கவில்லை, குழந்தையும் தங்கவில்லை. தந்தி கண்டு மாமா ஓடி வந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்தது, அவருடைய லீவு முடிய இன்னும் ஒரு வாரம் இருந்தது. அந்த ஒரு வாரத்துக்குள் பெரியவர்கள் கூடிப் பேசி என்னை அவருக்கே கட்டிவைத்துவிட்டார்கள். எனக்கு வயசு பத்தொன்பது. யாரும் என்னைக் கேட்கவில்லை.

அப்போதுதான் மாமாவுக்குப் புனாவுக்கு மாற்றல். ரெண்டு வருஷம் காத்திருந்து கிடைத்த குடும்பக் குவார்ட்டர்ஸ், மனைவி பெயர் வேதநாயகி என்று எழுதிக் கிடைத்தது. ஒருத்தி செத்துப்போனாள், இன்னொருத்தி வந்தாள் என்று எழுதிக் கொடுத்தால் குவார்ட்டர்ஸ் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று எவனோ ஒரு கிளார்க் இவரைப் பயமுறுத்திவிட்டான்.

"கொஞ்ச நாளைக்கு நீ வேதாவா இரு மங்கா. அப்புறமா சொல்லிக்கலாம்" என்றார் மாமா, ரயிலில், நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டிருந்தபோது.

அந்தக் கொஞ்ச நாள் இருபத்து மூன்று வருஷமாயிற்று.

வீட்டுக்குள் மங்கா, வாசலைத் தாண்டினால் வேதா. கேன்டீன் கார்டில் வேதநாயகி. மகள் மீனுவின் சர்டிபிகேட்டில் அம்மா பெயர் வேதநாயகி. தொண்ணூற்றிரண்டில் மாமா ரிட்டயர் ஆனபோது பென்ஷன் புத்தகத்துக்கு ஜோடியாகப் போட்டோ எடுத்தார்கள், என் முகத்துக்குக் கீழே அக்கா பெயர். யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும், இன்றைக்குக் கண்டுபிடித்துவிடுவார்களோ, இன்றைக்கு மாட்டிக்கொள்வோமோ என்று ஒவ்வொரு தடவையும் செத்துப் பிழைப்பேன். அக்காவின் போட்டோவை வீட்டில் மாட்டவில்லை. மாலை போட்ட படத்தைப் பார்த்தால் பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரிகள் யாரென்று கேட்பார்கள் இல்லையா? பச்சை டிரங்குப் பெட்டியின் அடியில் துணிக்குள் சுற்றி வைத்திருந்தோம். அவளுக்கு ஒரு விளக்கு ஏற்றியதில்லை. சர்க்கார் கணக்கில் அவள் உயிரோடு இருக்கிறாள், அழுவதற்குக்கூட எனக்கு வழியில்லை.

மாமா பயந்த சுபாவம். நிக்டியில் யாரோ ஒரு அம்மாவுக்கு ரெக்கார்டில் பெயர் இல்லை என்று பென்ஷன் நின்றுபோன கதையை மாசம் ஒரு தடவையாவது சொல்லுவார். போன வருஷம் புது மருத்துவத் திட்டம் வந்தபோது ஃபாரம் நிரப்பிக் கொடுத்தது சேவியர் அண்ணன். ரிட்டயர்ட் சுபேதார், கட்கியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், எங்களைப் போன்றவர்களுக்கு எழுதிக் கொடுப்பதே அவர் வேலை.

"குடும்ப விவரத்துல எதாச்சும் மாத்தம் உண்டா அருணாச்சலம்? இருந்தா இப்பவே சொல்லிடு, பின்னால தொல்ல" என்று அவர் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல சார்" என்றார் இவர். சொன்னதோடு நின்றாரா மகராசன்? ஒரு காகிதத்தையும் விடாமல் அடுக்கி வைக்கிற ஆள், பிளாஸ்டிக் ஃபைலில் இருந்த ஜபல்பூர் சீட்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

மாத்திரை போட்டும் வலி நிற்கவில்லை. மறுநாள் காலையில் ஜுரம் கொதித்தது. தண்ணீர் குடித்தாலும் வாந்தி.

"மாமா, இது வாயு இல்ல. எனக்கு அந்தக் குடல்வால் உள்ளதான் இருக்குது. உங்களுக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும். அதுக்கு இன்னா பண்ணச் சொல்ற?"

"போய் உண்மையச் சொல்லுங்க."

"சொன்னா? இத்தினி வருஷமா கவர்மெண்ட ஏமாத்தினியான்னு உள்ள தூக்கிப் போட்டா? பென்ஷன் போனா, மீனு படிப்பு இன்னா ஆவும்?" பேசிக்கொண்டே பழக்கதோஷத்தில் ஃபைலை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "வெளி ஆஸ்பத்திரிக்குப் போலாம். அங்க ஒன் பேரச் சொல்லிக்கலாம், எவனும் கேக்க மாட்டான்."

எதிர்வீட்டு முகமது இஸ்மாயில் ஆட்டோவில் கிளம்பினோம். பாதி வழியில் எனக்குக் கண் இருட்டிவிட்டது. முழித்தபோது ஆட்டோ ராணுவ ஆஸ்பத்திரி கேட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. "இங்க வேணாம் பாய், திருப்பு, திருப்பு!" என்று மாமா கத்துகிறார்.

"என்ன அண்ணா பேசறீங்க? ஃபௌஜி ஆளு நீங்க. இது உங்க ஹக், உங்க உரிமை. அண்ணி மயங்கிக் கெடக்காங்க, இத விட்டுட்டு ஊர் சுத்தணுமா?" என்று இஸ்மாயில் பாய் என்னைக் கைத்தாங்கலாக இறக்கியே விட்டார். நல்ல மனுஷன். அவருக்கு என்ன தெரியும்?

அவசரப் பிரிவில் ஒரு கேப்டன் மேடம், முப்பது வயசு இருக்கும். கார்டைப் பார்த்தாள், ஃபைலைக் கேட்டாள். மாமா சட்டைப் பைக்குள் கைவிட்டுத் தேடுவது போலக் கொஞ்ச நேரம் நடித்துவிட்டு, கடைசியில் கக்கத்தில் இருந்ததை எடுத்துக் கொடுத்தார். அதைப் புரட்டிக்கொண்டே மேடம் என் வயிற்றில் கை வைக்க வந்தாள்.

நான் இரண்டு கையாலும் புடவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். உயிர் போகிற வலியிலும் கை தானாகப் போய்ப் பிடித்தது. பார்த்துவிட்டால் தெரிந்துவிடுமே என்ற பயம்.

"விடுங்கம்மா, பார்க்கணும்." நான் விடவில்லை. புடவை மேலேயே அழுத்திவிட்டுச் சட்டென்று கையை எடுத்தாள். அலறிவிட்டேன். "அப்பெண்டிக்ஸ் மாதிரியே இருக்கே. ஆனா எடுத்தாச்சுன்னு போட்டிருக்கு" என்று ஹிந்தியில் முணுமுணுத்தாள். பிறகு மாமாவைப் பார்த்து, "நிச்சயமா எடுத்தாச்சா?" என்றாள்.

மாமா அட்டென்ஷனில் நின்றார். தலையிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஜீ மேடம்" என்றார்.

அடப்பாவி மனுஷா! என்று என் மனசு கூவியது. மேடம் வேறென்னவோ டெஸ்ட் எழுதக் குனிந்தாள். அவள் பேனா ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. இங்கே நான் செத்தால், செத்தது வேதநாயகி என்றுதான் எழுதுவார்கள். அக்கா இரண்டு தடவை சாவாள், நான் ஒரு தடவைகூடச் செத்தவளாக மாட்டேன். மங்கையர்க்கரசி என்று ஒருத்தி இருந்ததற்கு எங்கேயும் ஒரு வரி இருக்காது. சாவைவிட அது எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

"மேடம், நான் வேதநாயகி இல்ல" என்றேன் ஹிந்தியில்.

பேனா நின்றது. "ஜுரத்துல உளர்றா மேடம்" என்று மாமா குறுக்கே பாய்ந்தார். "ரெண்டு நாளா இப்பிடித்தான்." மேடம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் யார் பேச்சை நம்புவாள்? ஜுரக்காரியையா, ரிட்டயர்ட் ஹவில்தாரையா?

புடவையைப் பிடித்திருந்த கையை விட்டேன். நானே விலக்கினேன்.

"தழும்பு எங்க இருக்குன்னு பாருங்க" என்றேன். "அறுத்த வயிறுன்னா தழும்பு இருக்கணும் இல்ல?"

மேடம் குனிந்து பார்த்தாள். விரலால் தடவிப் பார்த்தாள். நிமிர்ந்தவள் மாமா பக்கம் திரும்பி, "உண்மையைச் சொல்லுங்க" என்றாள். சத்தம்கூடப் போடவில்லை.

மாமாவின் அட்டென்ஷன் கலைந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டார். "அது இவளோட அக்கா மேடம். அவ செத்துட்டா" என்றார். இருபத்து மூன்று வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் கேட்டேன்.

"ஃபைல் கதையெல்லாம் அப்புறம்" என்று மேடம் நர்ஸைக் கூப்பிட்டாள். "தியேட்டர் தயார் பண்ணச் சொல்லு. இவங்க பேரு என்ன?"

"மங்கையர்க்கரசி" என்றேன். மூச்சு வாங்கியது, இருந்தும் முழுசாகச் சொன்னேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் அப்பெண்டிக்ஸ் உள்ளேயே வெடித்திருக்குமாம். மூன்றாம் நாள் பார்வையாளர் நேரத்தில் மாமா வந்தார், கூடவே சேவியர் அண்ணன். நான்கு நாள் தாடி, மாமாவின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. என் கண்ணைப் பார்க்காமல் கட்டில் கம்பியைத் தடவிக்கொண்டு நின்றார்.

"ஏம்பா, வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்த? போன வருஷமே கேட்டேனே!" என்று சேவியர் அண்ணன் பொரிந்து தள்ளினார். "சம்சாரம் எறந்து மறுகல்யாணம் பண்ணவன் நீ ஒருத்தன்தானா? மொத சம்சாரத்தோட எறப்புக்கு ஆதாரம், கல்யாணத்துக்கு சாட்சி, ஒரு அஃபிடவிட். எழுதிக் குடுத்தா ரெக்கார்ட மாத்தறதுக்கு வழி இருக்கு."

"கேஸு போடுவாங்களா சார்?"

"விசாரிப்பாங்க. நிக்க வெச்சுக் கேள்வி கேப்பாங்க. ஒண்ணும் ஆவாதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா நீயா போய்ச் சொல்றது வேற, அவங்க புடிக்கிறது வேற. எழுது."

மாமா ஃபாரத்தை என் கட்டில் ஓரத்தில் வைத்து எழுத ஆரம்பித்தார். மீனுவுக்கு இதை எப்படிச் சொல்வது? விசாரணையில் என்ன கேட்பார்கள்? ஒரு இடத்தில் பேனா நின்றது. முதல் மனைவி இறந்த தேதி.

"ஆகஸ்ட் பதினொண்ணு" என்றேன். "செவ்வாக்கிழம. விடியற நேரம்."

அவர் எழுதினார். அந்த எழுத்தைப் பார்த்ததும் எனக்குள் எதுவோ பிடுங்கிக்கொண்டு வந்தது. அக்கா, அக்கா என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கதறினேன். தையல் வலிக்கிறது போல என்று நர்ஸ் ஓடி வந்தாள்.

"பொட்டியில இருக்கிற போட்டோவ எடுத்து மாட்டுங்க மாமா" என்றேன், அழுகை கொஞ்சம் அடங்கினதும். "மார்க்கெட்ல பூ வாங்கிப் போடுங்க."

"அக்கம்பக்கத்துல யாருன்னு கேட்டா?" என்றார் மாமா. இன்னும் அந்தப் பயம் போகவில்லை பாருங்கள்.

"எங்க அக்கான்னு சொல்லுங்க. செத்துட்டான்னு சொல்லுங்க."