இருநூறுக்குப் பத்து குறைவு

நாயுடுப்பேட்டை வரை போய்த் திரும்பும் இருநூறு கிலோமீட்டர் சைக்கிள் பயணத்தில், எர்ணாவூர் வந்தபோது என் உடம்பில் எல்லாம் தீர்ந்துவிட்டது. ராயபுரத்தில் இருக்கும் வீட்டுக்கு இன்னும் பத்தே கிலோமீட்டர். சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடலாம் என்ற திமிரில் தடாவுக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடவில்லை. கால் வலிக்கவில்லை, கால் இருப்பதே தெரியவில்லை. துறைமுகத்துக்குள் போக வரிசையில் நின்ற கன்டெய்னர் லாரி ஒன்றின் நிழலில் உட்கார்ந்துவிட்டேன். அப்போது யாராவது “சபாஷ்” என்று சொல்லியிருந்தால் அறைந்திருப்பேன்.

பக்கத்தில் அடுப்பை அணைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்த அந்த லாரியின் டிரைவர் சுப்பராயன், ஒன்றும் கேட்காமல் சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டுத் தட்டை நீட்டினார். பாதி சாப்பிட்ட பிறகுதான் கேட்டார்.

“எங்கேர்ந்தும்மா வர்றே?”

“நாயுடுப்பேட்டை போய்ட்டு வந்துகினு கீறேன்ணா. காலைல கெளம்புனேன்.”

“இன்னாத்துக்கு?”

வாயில் சோறு இருந்ததால் தப்பித்தேன். விழுங்கிவிட்டு, “நீங்க?” என்றேன்.

“இங்க கீற மாத்தூருதான். நேத்து காலைல கெளம்புனேன்.”

முன்னால் லாரிகள் நகர்ந்தன. பின்னால் ஹாரன்கள் அலறின. அவர் அடுப்பைத் தூக்கிக்கொண்டு ஏறி வண்டியைக் கிளப்பினார். தட்டைக் கொடுக்க அவசரமாக எழுந்தேன்.

அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

“குந்திகினு மெதுவா துன்னும்மா. நான் எங்க பூடப் போறேன்?”